கண்ணுக்குள் ஓடும் வயரிங்கை வரைந்த கஹால்... படம் வரையக் கூடாது என்று தடுத்த அப்பா, நோபல் வரை போன மகன்!

நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் விழித்திரையில் மூன்று வகை நரம்பு செல்கள் சிக்னலைக் கைமாற்றி மூளைக்கு அனுப்பிவிட்டன. இந்தப் பாதையை 130 ஆண்டுகளுக்கு முன்பே, வெறும் மைக்ராஸ்கோப்பையும் பேனாவையும் வைத்து வரைந்து காட்டியவர் ஸ்பெயினைச் சேர்ந்த சான்டியாகோ ரமோன் இ கஹால்.

யார் இந்த கஹால்?

1852 மே 1ஆம் தேதி பெட்டில்லா டி அரகோன் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா ஹுஸ்டோ, அறுவை மருத்துவர். பையனுக்கோ படம் வரைவதுதான் உயிர். அப்பாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சேட்டைக்கும் குறைவில்லை. 11 வயதில் தானே செய்த பீரங்கியால் பக்கத்து வீட்டு கேட்டை உடைத்து, சில நாள் சிறையில் இருந்தார். இவனுக்குப் படிப்பு வராது என்று முடிதிருத்தும் கடையிலும், செருப்பு தைப்பவரிடமும் அப்பா வேலைக்கு விட்டார்.

1868இல் அப்பா ஒரு யுக்தி செய்தார். மகனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், அங்கே கிடந்த எலும்புகளை வைத்து உடற்கூறியல் சொல்லிக் கொடுத்தார். எலும்பை வரைய ஆரம்பித்த பையன் அப்படியே மருத்துவத்துக்குள் வந்துவிட்டார். 1873இல் சரகோசாவில் மருத்துவப் பட்டம். பிறகு ராணுவ மருத்துவராக கியூபா போனவர், மலேரியாவோடு ஊர் திரும்பினார்.

ஒரே சாயம், இரண்டு பதில்

மூளை என்பது பிரிக்க முடியாத ஒரே வலையா, இல்லை தனித்தனி செல்களா? அன்றைய பெரிய சண்டை இதுதான். இத்தாலியின் கமிலோ கோல்கி 1873இல் சில்வர் நைட்ரேட் கொண்டு ஒரு சாய முறையைக் கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான செல்களில் ஒன்றிரண்டு மட்டும் முழுசாகக் கறுப்பாகும். ஆனா அதை வைத்துக்கொண்டு கோல்கி சொன்னது, எல்லாம் ஒரே வலை என்றுதான்.

1887இல் மாட்ரிட்டில் அந்தச் சாயம் ஏற்றிய ஸ்லைடைப் பார்த்த கஹால் அசந்துபோனார். சாயத்தை இரண்டு முறை ஏற்றினார். வளர்ந்த மூளைக்குப் பதில், கருவையும் குட்டிகளையும் எடுத்துப் பார்த்தார். 1888இல் பறவைகளின் சிறுமூளையிலும் விழித்திரையிலும் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, நெருங்கி நிற்கின்றன என்று கண்டார்.

இதை வெளியிட சொந்தக் காசில் ஓர் இதழ் தொடங்கினார். அச்சிட்டது 60 பிரதிகள்தான். ஸ்பானிஷ் மொழியில் இருந்ததால் வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை. அதனால் 1889இல் தன் ஸ்லைடுகளோடு பெர்லின் மாநாட்டுக்கே கிளம்பினார். மூத்த அறிஞர் கோலிக்கர் வந்து பார்த்தார், ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது.

விழித்திரை ஏன் முக்கியம்?

விழித்திரையும் மூளையின் ஒரு பகுதிதான். கரு வளரும்போது மூளையிலிருந்து முளைத்துக் கண்ணுக்கு வருகிறது. அதில் ஒளி எந்த செல்லில் படுகிறது, சிக்னல் எந்த நரம்பு வழியாக வெளியேறுகிறது என்பது முன்பே தெரியும். அதனால் நடுவில் சிக்னல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கணிக்கலாம்.

குச்சி, கூம்பு செல்களிலிருந்து இருமுனை செல்லுக்கு, அங்கிருந்து கேங்லியன் செல்லுக்கு, பிறகு பார்வை நரம்பு வழியாக மூளைக்கு. கஹால் தன் படங்களில் அம்புக்குறி போட்டே இதைக் காட்டினார். மீன் முதல் பாலூட்டி வரை பார்த்து எழுதிய அவரது விழித்திரை நூல் 1893இல் வெளியானது.

ஆனா ஒரு வகை செல் மட்டும் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. சிக்னலை வெளியே அனுப்பும் நீண்ட இழையான ஆக்சான் அதற்கு இல்லை. அமக்ரைன் என்று பெயர் வைத்தவரும் கஹால்தான். அது என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி மட்டும் அவர் காலத்தில் தீரவில்லை.

அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்துதான் விஷயம் வெளிவந்தது. பாலூட்டிகளின் அமக்ரைன் செல்களில் சில, சப்ஸ்டன்ஸ் பி, சொமாட்டோஸ்டாட்டின் போன்ற பெப்டைடுகளை வைத்திருக்கின்றன. இவை சின்னப் புரதத் துண்டுகள். வழக்கமான சிக்னல் நொடிக்கும் குறைவான நேரத்தில் தாவும். பெப்டைடோ மெதுவாகப் பரவி, அக்கம்பக்கத்து செல்களின் உணர்திறனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ரேடியோவில் வால்யூம் பட்டனைத் திருப்புவது மாதிரி.

ஒரே மேடையில் எதிராளி

1906 நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. கோல்கியோ, தன் நோபல் உரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். அடுத்த நாள் கஹால் தன் ஆதாரங்களை எடுத்து வைத்தார்.

1934 அக்டோபர் 17ஆம் தேதி மாட்ரிட்டில், 82 வயதில் அவர் காலமானார். 1950களில்தான் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அந்த இடைவெளியை நேரடியாகக் காட்டியது. மில்லிமீட்டரில் சுமார் 50 ஆயிரத்தில் ஒரு பங்கு. கஹால் கண்ணால் பார்க்காமலேயே தன் படங்களில் விட்டு வைத்திருந்த இடைவெளி அதுதான்.