இடுப்பிலிருந்து தோளுக்கு!

ஒரு துண்டுக்கு எடை எவ்வளவு? தராசில் வைத்தால் தட்டு அசைவதே அரிது. ஆனால் அந்தத் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளிலே போட்டுக்கொள்ள, காவிரி பாயும் இந்தத் தஞ்சைத் தரணியிலே ஒரு மனிதன் எத்தனை பெரிய பாரத்தைத் தூக்க வேண்டியிருந்தது என்பதை நம் இளைஞர்களில் பலர் அறியமாட்டார்கள். இன்று கடைத்தெருவில் நுழைந்தால் கண்ணைப் பறிக்கும் சட்டைகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. விரும்பியதை எடுக்கிறோம், விரும்பியபடி உடுத்துகிறோம். இந்த விருப்பம் என்பது யாரோ இட்ட பிச்சையல்ல. போராடிப் பெற்ற உரிமை. அந்தப் போராட்டத்தைக் கொடி பிடிக்காமல், கோஷம் போடாமல், உடம்பில் உடுத்திய உடுப்பாலேயே நடத்திய ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். அவர் நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை.

1898ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் பிறந்தவர். தந்தை குப்புசாமி பிள்ளை, தாய் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதசுர வித்துவான். அவருடைய வீட்டிலே வளர்ந்த பிள்ளை இவர். முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றார். பிறகு அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாயனம் கற்றார். பாடகனின் கற்பனையும் நாயனக்காரனின் நெஞ்சுரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. தோடி என்றால் இராஜரத்தினம், இராஜரத்தினம் என்றால் தோடி என்று நாடு பேசியது. மணிக்கணக்கில் தெருவை அடைத்து நின்று கேட்டார்கள் மக்கள். அவருடைய தோடி இசைத்தட்டு கடல் கடந்த தமிழர் வீடுகளிலும் ஒலித்தது.

ஆனால் அந்தக் காலத்து நாயனக்காரரின் நிலை என்ன? இசை ஓங்கி நிற்கும். இசைத்தவர் ஒதுங்கி நிற்பார்! பாட்டு வித்துவானுக்கு மேடை உண்டு, விரிப்பு உண்டு. நாயனக்காரருக்கோ தெருப்புழுதி. சுவாமி புறப்பாடா, கலியாண ஊர்வலமா, நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். தலையிலே குடுமி, திறந்த மார்பு, மேல்துண்டு இடுப்பிலே. தோளில் துண்டு போட்டால் துடுக்கு. சட்டை போட்டால் சண்டித்தனம். எதிரே திண்ணையில் சாய்ந்து வெற்றிலை மெல்லும் மிராசுதாரருக்கு ஸ்வரமும் தெரியாது, சுருதியும் தெரியாது. ஆனால் வாசிப்பவனுடைய துண்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

இது வெறும் பழக்கம், யாரும் சட்டம் போடவில்லையே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். சட்டமாகவே போட்டார்கள் தோழர்களே! 1930 டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் கூடி, ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராயிருந்த ஹட்டன் தம் நூலிலே அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன் நகை, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணியக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. அடித்தவர்கள், கொளுத்தியவர்கள் எல்லாம் கடைசியில் அஞ்சியது எதற்கு? ஒரு பனியனுக்கு! அஞ்சத்தான் செய்வார்கள். நிமிர்ந்த தோளில் நேர்த்தியான சட்டை ஏறிவிட்டால், பிறகு அந்தத் தோளைத் தட்டி ஏவல் சொல்ல முடியாதல்லவா?

ஆதிதிராவிட மக்களுக்கு நேர்ந்த கொடுமை வேறு, இசை வேளாளர் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்த இழிவு வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் இரண்டையும் நெய்த தறி ஒன்றே.

அந்தக் காலத்தில்தான் இராஜரத்தினம் குடுமியை எடுத்தார், கிராப்பு வைத்தார். மேலே கோட்டு, சில நாள் நீண்ட ஷெர்வானி, சில நாள் பட்டு ஜிப்பா. காதிலே வைரக் கடுக்கன், விரல்களிலே மோதிரம். அவருடைய பழைய புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கழுத்துவரை பித்தானிட்ட அங்கி, மார்பிலே வரிசையாகப் பதக்கங்கள், கேமராவை நேருக்கு நேர் பார்க்கும் கண்கள். யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட கோலமல்ல அது. தன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது. தன் மனத்துக்குப் பிடித்து எடுத்தது.

வெள்ளைக்காரன் உடுப்பை நம்மவர் போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. 1921 செப்டம்பரில் காந்தியார் மதுரையிலே சட்டையையும் குல்லாயையும் களைந்தார், அரையாடை பூண்டார். உலகம் வியந்தது. வியக்கத்தக்கதுதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டை அணிந்து பழகியவர் அதைக் கழற்றினால் அது துறவு. சட்டையே அணியக் கூடாது என்று தடுக்கப்பட்டவன் அதைக் கழற்றினால் அதிலே என்ன துறவு இருக்கிறது? அவன் அணிவதுதான் புரட்சி! இதை நன்கு உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் கோட்டும் சூட்டும் கழுத்துப்பட்டையுமாக நின்றது ஒய்யாரத்துக்காக அல்ல. இராஜரத்தினம் அரசியல் மேடை ஏறியவரல்லர். ஆனாலும் அதே உண்மையைத் தம் உடம்பிலே எழுதிக் காட்டினார்.

உடுப்பிலே காட்டிய நுணுக்கத்தை அவர் தொழிலிலும் காட்டினார் என்பதுதான் முக்கியம். முன்பு இருந்தது திமிரி நாயனம். நாலு கட்டைக்கு மேற்பட்ட சுருதி, கூர்மையான குரல். திறந்தவெளிக்கு அது போதும். தம் தோடிக்கு அது போதாது என்று கண்டார். பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்ற பெருந்தச்சர் இருந்தார். அவர் கைவண்ணத்தில், சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாயனம் உருவாயிற்று. ஆச்சா மரம், அதுவும் பழைய வீடுகளில் பல காலம் இருந்து பக்குவப்பட்ட மரம். தையற்காரர் தோளை அளக்கிறார். ஆசாரி மூச்சை அளந்தார்! ஒத்து ஊதும் இடத்தில் தம்புராவை வைத்தார் இராஜரத்தினம். நின்று வாசித்த நாயனத்தை மேடையிலே உட்கார வைத்தார். கோட்டு மட்டும் மாறி வாசிப்பு மாறாதிருந்தால் ஊர் சிரித்திருக்கும். வாசிப்பு உயர்ந்தது, ஆகவே ஊர் வாய் மூடிற்று.

1940ஆம் ஆண்டு எல்லிஸ் டங்கன் இயக்கிய காளமேகம் படத்திலே கதாநாயகனாக நடித்தார். 1955இல் சங்கீத நாடக அகாடமி விருது வந்தது. 1956 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையிலே மறைந்தார். வயது 58.

குறையில்லாதவர் என்று நான் புகழ்மாலை சூட்டவில்லை. பிடிவாதம் உண்டு. முன்கோபம் உண்டு. இரு கையாலும் சம்பாதித்ததை நாலு கையால் செலவிட்டவர். அவர் நம் இயக்கத்தவரும் அல்லர். கோயிலிலும் மடத்திலும் வாசித்த பக்தர். இல்லாத சட்டையை அவருக்கு நாம் மாட்டிவிட வேண்டியதில்லை. அவர் தாமே எடுத்து அணிந்ததே போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இராஜரத்தினத்துக்குப் புகழ் காவலாக நின்றது. அவ்வளவு புகழ் இல்லாதவர்க்கு யார் காவல்? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலே ஒரு கலியாண ஊர்வலம். நாயனம் மதுரை சிவக்கொழுந்து. வியர்வை துடைக்கத் தோளிலே ஒரு துண்டு. அதை எடுக்கச் சொல்லி அதட்டினார்கள் பெரிய மனிதர்கள். எடுக்கக் கூடாது என்று பக்கத்திலே போய் நின்றார் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. துண்டு தோளிலேயே இருந்தது. மேதை ஒருவர் தனியே நின்று வென்றதை, சாதாரண மனிதனும் வெல்வதற்கு ஒரு தோழன் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. இயக்கம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்று நமக்கு அந்தத் தடையில்லை. ஆனால் வேறொரு மயக்கம் வந்திருக்கிறது. எவனோ ஒரு நடிகன் போட்டான் என்பதற்காக, இரண்டு சலவைக்குத் தாங்காத சட்டையை நாலு நாள் கூலி கொடுத்து வாங்குகிறோம். அன்று மிராசுதாரர் நம் உடுப்பைத் தீர்மானித்தார். இன்று விளம்பரக்காரர் தீர்மானிக்கிறார். தீர்மானிப்பவன் நாமாக இருக்க வேண்டாமா? துணியை வெளிச்சத்திலே பிடித்துப் பாருங்கள். நெசவு நெருக்கமாக இருக்கிறதா? உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் ஒரே சீராக ஓடியிருக்கிறதா? காஜா பிரியாமல் இருக்கிறதா? கையைத் தூக்கினால் அக்குள் பிடிக்கிறதா? மட்டமான மூன்றை வாங்கும் காசில் உருப்படியான ஒன்றை எடுங்கள். முடிந்தால் உங்கள் தெருத் தையற்காரரிடம் அளவு கொடுங்கள். திருபுவனத்துத் தறியிலும், கூறைநாட்டுத் தறியிலும் கால் மிதித்துக் கை வீசும் நம் தோழர்களை எண்ணிக் கொள்ளுங்கள். நன்றாக நெய்தவனுக்கும் நன்றாகத் தைத்தவனுக்கும் நாம் செய்யும் மரியாதை, நன்றாகப் பார்த்து வாங்குவதுதான்.

திருவாவடுதுறைப் பக்கம் போகிறவர்கள், அந்தத் தெருக்களிலே ஒரு நிமிடம் நில்லுங்கள். திறந்த மார்போடு நின்று வாசித்தவர்கள் நடந்த தெருக்கள் அவை. தோளிலே கிடக்கும் துண்டைச் சரி செய்து கொள்ளுங்கள். அது அங்கே சும்மா வந்து சேரவில்லை.