இறப்பைக் கணக்கெடுத்த அருணாசலம்

பதுளை ஆஸ்பத்திரியில் இறக்கும் தோட்டத்துக் குழந்தைகள் பற்றி எழுதத் தகவல் தேடினேன். அது என்னை நூறாண்டுக்கு முன் மறைந்த ஒருவரிடம் கொண்டுபோய் விட்டது. அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

நமக்கு அவரை அரசியல் தலைவராகத்தான் தெரியும். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். தமிழருக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டதும் 1921இல் வெளியேறினார். ஆனால் அதற்கு முன் அவர் செய்த வேலை அதிகம் பேசப்படுவதில்லை.

1853இல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, 1875இல் போட்டிப் பரீட்சை வழியே சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர். நீதவானாக இருந்து, பின்னர் பதிவாளர் நாயகமானார். பிறப்பு, இறப்புப் பதிவைச் சீர்செய்தார். 1901 குடிசன மதிப்பை நடத்தி அதன் அறிக்கையையும் எழுதினார்.

அன்று தோட்டத்தில் நடந்த மரணத்தைத் தோட்டத்துரை அறிவிக்க வேண்டும். வைத்தியர் பார்க்காத குழந்தைக்குக் காய்ச்சல், வலிப்பு என்று எழுதினால் காரியம் முடிந்தது. பசியும் தாயின் கடனும் எந்தப் பதிவிலும் வராது.

ஓய்வு பெற்றபின் அருணாசலம் அந்த மக்களுக்காகவே பேசினார். 1919இல் பெரி சுந்தரத்துடன் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்தார். வேலையை விட்டுப் போன கூலிக்குச் சிறை என்ற சட்டத்தை எதிர்த்தார். கடனால் தொழிலாளியைக் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1924 ஜனவரியில், யாத்திரை போன இடத்தில், மதுரையில் காலமானார்.

இன்றும் மரணம் நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுகிறது. பசறை, மடுல்சீமைத் தோட்டத்துக் குழந்தை பதுளையில் இறந்தால் அது பதுளைக் கணக்கு. குறைமாதம், எடைக்குறைவு, தொற்று என்று காரணம் எழுதப்படும். தாயின் இரத்தசோகையும், லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பாதையும் எழுதப்படுவதில்லை. 2016 சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம்.

எண்ணப்படாத மரணம் என்றால் என்னவென்று வடக்கு, கிழக்கில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணாவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஊவாவில் இறக்கும் ஒவ்வொரு குழந்தையின் கணக்கும் தாயின் தோட்டப் பெயரோடு வெளியிடப்பட வேண்டும். அருணாசலத்துக்குச் சிலை வைத்த நாட்டிடம் இதைக் கேட்பது அதிகமில்லை.