அன்னையின் அருகே நிற்கத்தக்கவர்

இத்தாலியின் வெனிஸ் நகரிலுள்ள சான் ஜியோபே ஆலயத்துக்காக ஜியோவன்னி பெல்லினி 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டிய ஓவியம் ஒன்றுண்டு. அரியணையில் மரியன்னை, மடியில் மகவு, இருமருங்கும் புனிதர்கள் அறுவர். வெவ்வேறு நாட்டவரும் வெவ்வேறு நூற்றாண்டினருமான அவர்கள் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றனர். யோபுவும் செபஸ்தியாரும் அங்கு இடம்பெற்றமைக்குக் காரணமுண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் அடைக்கலமாகக் கொண்டவர்கள் அவ்விருவரும்.

நம் முஸ்லிம் வாசகர்களுக்கும் இவர்களுட் பலர் அந்நியரல்லர். அன்னை, மர்யம். மகவு, நபி ஈஸா. யோபு, நபி ஐயூப். திருமுழுக்கு அருளப்பர், நபி யஹ்யா. உருவங்களை வணங்குவதை இஸ்லாம் ஏற்பதில்லை. எனினும் திருக்குர்ஆனின் 19ஆவது அத்தியாயம் மர்யமின் பெயரையே தாங்கியுள்ளது.

இத்தகையதோர் ஓவியத்தில் இடம்பெறத்தக்க ஒருவர் நம் மண்ணிலும் வாழ்ந்தார். அவர் யோசவ் வாஸ் அடிகளார். 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவில், கொங்கணி பேசும் குடும்பத்திற் பிறந்த அவர், 1676இல் குருவானார். மறு ஆண்டிலேயே தம்மை மரியன்னையின் அடிமையென எழுத்திற் சாசனம் செய்து கொடுத்தார்.

அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றித் தவித்தனர். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என அறிவித்தனர். மாந்தையிலிருந்த அன்னையின் சொரூபத்தை 1670இல் இருபது குடும்பங்கள் காட்டு வழியே மருதமடுவுக்கு எடுத்துச் சென்றதாக மரபு கூறும்.

1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தமிழைக் கற்றறிந்திருந்தார். வந்ததும் வயிற்றோட்டத்தால் நலிந்தார். கழுத்திற் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்வோர் யாரெனக் கவனித்தே தம்மவரை அவர் இனங்கண்டார் என்பர். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். வழிபாடுகள் இரவிலேயே நடந்தன. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் நடத்திய தேடுதலிற் பலர் பிடிபட்டனர். அடிகளார் தப்பினார். பின்னர் புத்தளம் வழியாக 1692இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றரென ஐயுற்றுச் சிறையிலிட்டனர்.

அவரைச் சிறையிட்ட இரண்டாம் விமலதர்மசூரியனே பின்னர் அவருக்குக் காவலனானான். பௌத்த மன்னன் அவன். 1697இல் கண்டியைப் பெரியம்மை வாட்டியது. நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டில் விட்டு அகன்றனர். அடிகளாரோ அவர்களைத் தேடிச் சென்று குடிசைகள் அமைத்தார். உணவூட்டிப் புண்களைக் கழுவினார். இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கஞ்செய்தார். சமயம் எதுவெனக் கேட்கவில்லை. பெல்லினி தூரிகையால் அழைத்த துணையை இம்மனிதர் உடலால் வழங்கினார் என்றே நாம் கருதுகின்றோம். கண்டி இராச்சியத்தில் அவர் தடையின்றிப் பணியாற்றுவதற்கு அந்தத் தொண்டும் வழிவகுத்தது.

கண்டி அரசுக்கு இத்தகைய பெருந்தன்மை புதிதன்று. 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் துரத்தியபோது, செனரத் மன்னன் அவர்களை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். துரத்தியவர்கள் கத்தோலிக்கர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. இருபதாம் நூற்றாண்டிலும் அவலம் ஓயவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னார் உள்ளிட்ட வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 2008 ஏப்ரலில், போர் நெருங்கியமையால், மடு அன்னையின் சொரூபமே மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. வெள்ளாங்குளத்தை அண்டிய கரையோரக் கிராமமான தேவன்பிட்டியின் ஆலயத்தில் அது தங்கியது. அங்கும் போர் வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் வெள்ளாங்குளம் இராணுவத்தினர் வசமாயிற்று. அம்மாதத்திலேயே சொரூபமும் மடுவுக்குத் திரும்பியது.

அடிகளார் கோவாவுக்குத் திரும்பவேயில்லை. இலங்கையில் ஏறத்தாழ 24 ஆண்டுகள் உழைத்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிற் காலமானார். 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸினாற் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவுக்குச் சென்றார்.