விமர்சனத்தை எப்படி எதிர்கொள்வது? டார்வின் வாழ்க்கை சொல்லும் பாடம்

அப்ரைசல் மீட்டிங்கில் மேனேஜர் சொன்ன ஒரு குறை, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறதா? பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினுக்கும் (1809–1882) அந்த அவஸ்தை உண்டு. ஆனால், வந்த விமர்சனத்தை வைத்து என்ன செய்வது என்பதை அவர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார்.

முதலில் பிடிவாதம்

ஸ்காட்லாந்தில் க்ளென் ராய் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் மலைச்சரிவில் படிக்கட்டு போலத் தெரியும் கோடுகள், பழைய கடற்கரைகள் என்று 1839-ல் டார்வின் எழுதினார். இல்லை, பனிப்பாறை வழிமறித்ததால் உருவான ஏரியின் கரைகள் அவை என்று சீக்கிரமே மறுத்தார் லூயி அகாசி. அகாசி சொன்னதுதான் சரி. ஆனால், டார்வின் அதை முழுசாக ஒப்புக்கொள்ள 1861 வரை ஆனது!

எட்டு வருஷ ஹோம்வொர்க்

உயிரினங்கள் பலவற்றை நுணுக்கமாக ஆராயாதவருக்கு, அவற்றின் தோற்றம் பற்றிப் பேச உரிமை இல்லை என்ற பொருளில் 1845-ல் ஒரு கடிதம் எழுதினார் நண்பர் ஜோசப் ஹூக்கர். அவர் சொன்னது வேறொருவரைப் பற்றி. டார்வினோ தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டி வளரும் பார்னக்கிள் என்ற சின்னக் கடல் உயிரிகளை ஆராயத் தொடங்கினார். அந்த வேலை 1854 வரை நீண்டது. அதற்காக 1853-ல் ராயல் சொசைட்டியின் பதக்கமும் கிடைத்தது. உயிரினங்களைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மறப்பதற்குள் எழுது

தன் கருத்துக்கு எதிரான தகவல் எது கண்ணில் பட்டாலும், உடனே குறித்துவைப்பது டார்வினின் வழக்கம். நமக்குச் சாதகமானது மனசில் தங்கும், பாதகமானது நழுவிவிடும் என்று அவர் கண்டிருந்தார். அதனால்தான் 1859-ல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில், தன் கொள்கையின் சிக்கல்களுக்கென்றே ஓர் அத்தியாயம் வைக்க முடிந்தது.

எதற்கு பதில், எதற்கு மௌனம்?

அந்த நூலில், தெற்கு இங்கிலாந்தின் ஒரு நிலப்பகுதி அரித்துப்போக சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கு போட்டிருந்தார். அது தப்பு என்று விமர்சனம் வந்தது. 1861-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தக் கணக்கே இல்லை.

1860-ல் ரிச்சர்ட் ஓவன் பெயர் போடாமல் எழுதிய மதிப்புரையில் காட்டம் அதிகம். ஒரு ராத்திரி மனசு சரியில்லை, மறுநாள் தேறிவிட்டார். பத்திரிகையில் பதிலடி கொடுக்கவில்லை.

பாதி வளர்ந்த உறுப்பால் என்ன பயன் என்று 1871-ல் ஜார்ஜ் மைவார்ட் கேட்டது வலுவான கேள்வி. 1872-ல் வந்த ஆறாம் பதிப்பில் ஒரு புது அத்தியாயமே சேர்த்து பதில் சொன்னார்.

விமர்சகர் எப்போதும் சரியா?

இல்லை. பரிணாமம் நடக்கும் அளவுக்குப் பூமிக்கு வயதில்லை என்றார் பிரபல இயற்பியலாளர் கெல்வின். டார்வின் ரொம்பவே கலங்கினார். ஆனாலும் கொள்கையைக் கைவிடவில்லை. பூமியின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள் என்பது இன்று தெரியும். தப்பு கெல்வின் கணக்கில்தான்.

ஆக, விமர்சனத்துக்கெல்லாம் தலையாட்டுவது பக்குவம் அல்ல, முறைப்பதும் அல்ல. அடுத்த முறை யாராவது குறை சொன்னால், அவர் சொன்ன தொனியை விட்டுவிட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் அன்றைக்கே ஒரு வரியில் எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பாருங்கள். திருத்த வேண்டியதா, பதில் சொல்ல வேண்டியதா, கடந்துபோக வேண்டியதா என்று அப்போது புரியும்.