பெட்ரோலுக்கு பதில் விறகு... யார் இந்த ஜார்ஜ் இம்பெர்ட்?

விறகைப் போட்டு லாரி ஓட்ட முடியுமா? இரண்டாம் உலகப் போர் முடியும்போது ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் விறகு, கரி கேஸில்தான் ஓடின. அதில் விறகு வண்டிகளுக்கு அடிப்படை போட்டவர் ஜார்ஜ் இம்பெர்ட்.

1884-ல் லொரைன் பகுதியில் பிறந்தவர். அப்போ அது ஜெர்மனி வசம். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸ். 1940-ல் மறுபடி ஜெர்மனி. ஊரை விட்டு நகராமலேயே நாடு மாறிய தலைமுறை!

வேதியியலாளரான இம்பெர்ட் 1920-களில் கையில் எடுத்தது ஒரு பழைய தலைவலி. காற்றைக் குறைத்து மரத்தை எரித்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் கலந்த கேஸ் கிடைக்கும், இன்ஜின் ஓடும். இது முன்பே தெரிந்ததுதான். ஆனா கூடவே தாரும் வரும். வால்வில் பிசின் மாதிரி ஒட்டி இன்ஜினையே நிறுத்திடும்.

இம்பெர்ட் அடுப்பில் கேஸ் மேலே போகாது. குறுகலான கழுத்து வழியாக, தகதகக்கும் கரிக்குள் கீழே இழுக்கப்படும். அந்தச் சூட்டில் தாரில் பெரும்பகுதி சிதைந்து அதுவும் கேஸாகிடும். சுமார் 3 கிலோ விறகு, 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்.

கசப்பான விஷயம், அந்த அடுப்பு அதிகம் உழைத்தது அவர் மண்ணைப் பிடித்துக்கொண்ட ஹிட்லர் ஆட்சிக்கு. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் விறகை யாரும் தேடல. 1950-ல் இம்பெர்ட் இறந்தார்.

1970-களில் எண்ணெய் விலை எகிற, அதே அடுப்பு ஜெனரேட்டரோடு திரும்பி வந்தது. காய்ந்த மரம் ஒன்று, ஒன்றரை கிலோ போட்டால் 1 யூனிட் கரண்ட். சின்ன மின் நிலையங்களில் இந்த அமைப்புக்கு இன்னமும் இம்பெர்ட் வகை என்றே பெயர். ஈர விறகைப் போட்டால் மட்டும் தார் மறுபடி வந்துடும்.