போத்தனூர்ப் பெண்ணின் மகன்

ஆலன் டூரிங் என்றால் நம்மில் பலருக்கு இரண்டு மார்க் கேள்வியில் வரும் ஒரு வெள்ளைக்காரர் பெயர், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான். லேப்பில் ஒரு சின்ன ஃபங்ஷனைச் சோதிக்கப் போய், அவர் வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டேன்.

அவருடைய அம்மா சாரா பிறந்தது 1881-ல், நம்ம கோவை பக்கத்துப் போத்தனூரில். தாத்தா ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமை என்ஜினீயர். அப்பா ஜூலியஸ், நம் தென்னாற்காடும் சேர்ந்திருந்த சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. ஆலன் பிறந்தது மட்டும் லண்டனில், 1912 ஜூன் 23. பெற்றோர் வேலைக்காக இந்தியாவுக்குத் திரும்ப, அண்ணனும் தம்பியும் அங்கே வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் வளர்ந்தார்கள். ஹாஸ்டல் நண்பர்களுக்கு அந்த வலியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1926-ல் புதுப் பள்ளியில் சேர வேண்டிய அன்று வேலைநிறுத்தம், ரயில் இல்லை. ஆள் சுமார் 60 மைல் சைக்கிள் மிதித்தே போய்ச் சேர்ந்தார். 1936-ல் கணக்கிடும் எந்திரம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை. போரில் எனிக்மா ரகசியக் குறிகளை உடைத்த கதை சினிமாவாகவே வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது, யாரும் அதிகம் பேசாத 1949 கட்டுரையை.

அந்த ஜூனில் கேம்பிரிட்ஜ் மாநாட்டில், ஒரு நிரல் சரிதானா என்று எப்படிச் சோதிப்பது என்று விளக்கினார். பெரிய கூட்டல் கணக்கில் விடையை மட்டும் எழுதினால் முழுவதையும் திரும்பப் போட வேண்டும். மீதி எண்களையும் எழுதி வைத்தால் ஒவ்வொரு பத்தியையும் தனியாகச் சரிபார்க்கலாம். நிரலிலும் அப்படியே, இந்த இடத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும் என்று படிக்குப் படி எழுதி வை என்றார். நிரல் நிற்கும் என்று காட்ட, குறைந்துகொண்டே போகும் ஓர் அளவைக் காட்டு என்றார்.

எனக்கு இது உறைத்த கதை இது. அகல எழுத்துச் சரத்தின் நீளத்தை, கொடுத்த எல்லைக்குள் மட்டும் எண்ணும் ஃபங்ஷனை சி மொழியில் நானே எழுதினேன். கடலூர் என்று கொடுத்தால் 6, சிதம்பரம் என்றால் 9. (நாம் எழுத்து எண்ணினால் 4, 6. புள்ளியும் துணைக்குறியும் யூனிகோடில் தனித்தனி, அதனால் வந்த வித்தியாசம்.) எல்லை 4 என்றால் 4, பூஜ்யம் என்றால் பூஜ்யம். முடிவுக்குறியே இல்லாத 9 இடங்கள், எல்லை 9: அதற்கும் 9. எல்லா விடையும் சரி! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மாலையில் கடலூரிலிருந்து சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில், டூரிங் சொன்னபடி நோட்டில் படிக்குப் படி எழுதிப் பார்த்தேன். எல்லை கழித்தல் எண்ணிக்கை, அது குறைந்துகொண்டே வருகிறது, சரி. படிக்கும் முன் எண்ணிக்கை எல்லைக்குள் இருக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் லூப் முதலில் எழுத்தைப் படித்துவிட்டு, அப்புறம்தான் எல்லையைப் பார்த்தது. பத்தாவது இடத்தைத் திருட்டுத்தனமாகத் தொட்டுவிட்டு, விடையை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறது. மறுநாள், வரிசைக்கு அடுத்த நினைவகப் பக்கத்தைப் படிக்க முடியாதபடி பூட்டி ஓட்டினேன். நிரல் அங்கேயே விழுந்தது. இரண்டு நிபந்தனைகளையும் இடம் மாற்றியதும் நின்றது.

1952-ல் ஓரினச் சேர்க்கைக்காக டூரிங்குக்குத் தண்டனை கிடைத்தது. சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார், வயது 41. அரச மன்னிப்பு வந்தது 2013-ல். தற்கொலை என்றது விசாரணை. போத்தனூரில் பிறந்த அந்த அம்மா அதை ஏற்கவேயில்லை, விபத்து என்றே நம்பினார். 1959-ல் மகனின் வாழ்க்கையை அவரே புத்தகமாக எழுதினார்.