ரிச்சர்டு ஹாமிங்

கம்பியில்லாக் கருவிகளை நாள்தோறும் கையாளும் நாம், அவற்றின் செய்தியைப் பிழையினின்று காக்கும் வழிகண்ட ரிச்சர்டு ஹாமிங் என்பாரை அறிதல் தகும். இவர் 1915-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரிற் பிறந்து, 1942-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1946-இல் பெல் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையிற் சேர்ந்தனர்.

அங்கிருந்த கணக்கிடும் யந்திரம், தன்பால் நேர்ந்த பிழையைத் தானே அறியும். ஆயினும் சனி ஞாயிறுகளில் மேற்பார்ப்போர் இன்மையால், அக்கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குச் செல்லும். தொடர்ந்து இருவாரம் தம் கணக்கு இவ்வாறு வீணாகக் கண்ட ஹாமிங், பிழை உண்மையை அறியும் யந்திரம் அதன் இடத்தையும் அறிந்து திருத்தலாகாதோ என ஆராயலாயினர். சுழியும் ஒன்றுமாகிய இலக்கங்கள் 4-உடன் காவல் இலக்கங்கள் 3 சேர்ப்பின், அவ்வேழில் எந்த ஒன்று பிறழினும் அதன் இடம் புலப்படும் எனக் கண்டு, 1950-இல் அம்முறையை வெளியிட்டனர்.

காவல் குறையின் பிழை மிகும். காவல் மிகின் செய்தி குறையும். ஆதலின், வானலை தெளிந்திருக்கையிற் காவலைக் குறைத்தும், கலங்குகையிற் கூட்டியும் நம் கைபேசிகள் இன்று இயங்குகின்றன. இத்துறைக்கு வித்திட்டோருள் ஒருவராகிய ஹாமிங் 1998-இல் மறைந்தனர். உழைப்பு வீணாயவிடத்து நொந்தொழியாது, அதனையே ஆராய்ச்சிக்குப் பொருளாக்கிய இவ்வறிஞர் நெறி, கற்கும் நமக்கும் உரியதாகுக.